மக்காவில் தஹஜ்ஜுத், ஊர் திரும்பினால் சுபுஹு களாவா?

 

உம்ராச் சென்று திரும்பியவர்களை இல்லம் தேடிச் சென்று காண்பது நம் சமுதாயத்தில் நெடுநாளாக இருந்துவரும் நற்பழக்கம். முஸாபஹா செய்து, துஆப் பெற்று, ஸம்ஸம் நீர் அருந்தி, இரண்டு பேரீச்சம்பழங்களைக் கையில் வாங்கிக்கொண்டு விடைபெறுகிறோம். ஆயின் அவ்வாறு திரும்பியவரைச் சுபுஹுத் தொழுகையின் ஸஃப்பில் எத்தனை நாள் கழித்துக் காண்கிறோம் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளிவாசல்களின் முஅத்தின்களைக் கேட்டால் சொல்வார்கள். ஹரம் ஷரீபில் பின்னிரவுத் தொழுகையைக்கூடத் தவறவிடாதவர், ஊர் வந்த முதல் வாரத்தில் சுபுஹை வெயில் ஏறிய பின் களாச் செய்துகொண்டிருப்பார். "பாங்குச் சத்தமே காதில் விழவில்லை, ஹஜ்ரத்!" என்று அவர் வருந்திச் சொல்வது பொய்யன்று. இதை ஈமானின் குறைவாகக் கருதி அவரைக் குறை கூறுவோரும் உண்டு. அது நியாயமன்று. இது பெரும்பாலும் உறக்கக் கணக்கில் நேர்ந்த பிழை. அந்தக் கணக்கைப் புறப்படும் முன்பே போட்டுக்கொண்டால் பிழை நேராமல் தடுக்கலாம்.

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. மாலையில் புளியமரத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். கதிரவன் மறைந்ததும் அதன் இலைகள் கூம்பிவிடும். விடியலில் தாமே விரியும். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அவை விரிகின்றன என்று நாம் நினைப்போம். 1729ஆம் ஆண்டில் தெ மேரான் என்னும் பிரெஞ்சு அறிஞர், இதே இயல்புள்ள தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டறைக்குள் வைத்துக் கவனித்தார். வெளிச்சமே படாதபோதும் அது காலையில் விரிந்தது, மாலையில் கூம்பியது. நேரம் செடிக்குள்ளேயே இருந்தது! இத்தகைய உள்கடிகாரம் உயிரணுக்களுக்குள் எவ்வாறு ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை ஆராய்ந்து கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனிதனுக்கு இதன் தலைமையகம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே அமைந்துள்ளது. கண்ணில் படும் பகல் வெளிச்சமே அதற்குச் சாவி கொடுக்கும் கை. உறக்கம், பசி, உடலின் சூடு, மலம் கழிக்கும் வேளை ஆகிய அனைத்தும் அதன் சொல்படி நடக்கின்றன. இரவை ஆடையாகவும் உறக்கத்தை ஓய்வாகவும் பகலை வாழ்க்கைக்குரியதாகவும் ஆக்கியிருப்பதாக அல்லாஹு தஆலா அந்நபஃ அத்தியாயத்தில் அருளியிருப்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்வது நன்று.

இக்கடிகாரத்தை ஒரே நாளில் திருப்பிவைக்க இயலாது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் அது நகரும். விமானமோ ஒரே இரவில் நம்மைப் பல மணி நேர வேறுபாடுள்ள நாட்டில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அங்கே சுவர்க் கடிகாரம் ஒன்று சொல்ல, உடலின் கடிகாரம் வேறொன்று சொல்லும். இவ்விரண்டிற்கும் இடையிலான பிணக்கையே 'ஜெட் லாக்' என்கிறார்கள். கப்பலில் சென்ற நம் முன்னோருக்கு இத்தொல்லை இல்லை. 1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ராஜுலா கப்பலில் ஏறியவர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் இருந்தனர். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு 1995ஆம் ஆண்டு வரை சென்றுவந்த ஹஜ்ஜுக் கப்பல்களிலும் அப்படியே. கப்பல் மெல்ல நகர, கடிகாரமும் நாள்தோறும் சிறிது சிறிதாக மாற, உடலும் உடன் நகர்ந்தது. குமட்டல் இருந்தது, நேரக் குழப்பம் இல்லை.

விமானம் ஏறாமலேயே இந்நோயை அறிந்தவர்கள் எங்கள் மேச்சேரிப் பகுதியில் ஏராளம். மேட்டூர் அனல்மின் நிலையத்திலும் பொட்டனேரி இரும்பாலையிலும் முறைமாற்றி இரவு வேலை பார்ப்போர், வாரந்தோறும் ஒரு கடல் கடந்து திரும்புகின்றனர் என்றே சொல்லலாம். இரவு வேலை முடிந்து வந்தவருக்குப் பகலில் உறக்கம் வராது. உறங்க வேண்டாத நேரத்தில் கண் சொருகும். அவர்களிடம் அனுபவம் கேட்டால் நான் இங்கு எழுதுவதில் பாதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இனிக் கணக்கிற்கு வருவோம். பூமி 360 பாகை. ஒரு நாள் 24 மணி. ஆகவே 15 பாகைக்கு ஒரு மணி நேரம், ஒரு பாகைக்கு 4 நிமிடம். தொழுகை வக்து அட்டவணை கணிக்கத் தெரிந்த ஆலிம்களுக்கு இது பழகிய பாடம். மேச்சேரி ஏறத்தாழ 78ஆம் பாகையிலும் மக்கா முகர்ரமா ஏறத்தாழ 40ஆம் பாகையிலும் உள்ளன. இடைவெளி 38 பாகை. அதாவது இரண்டரை மணி நேரத்தைவிட ஓரிரு நிமிடமே அதிகம். சவூதிக் கடிகாரமும் நம் கடிகாரத்திற்கு இரண்டரை மணி நேரம்தான் பின்தங்கியுள்ளது. அங்கே கதிரவனும் கடிகாரமும் ஒன்றையே சொல்கின்றன.

இங்கே ஊன்றிக் கவனியுங்கள். நம் ஊரில் சுபுஹுப் பாங்கு ஏறத்தாழ 5 மணிக்கு ஒலிக்கிறது என்று கொள்வோம். நாள்தோறும் அவ்வேளைக்கு எழுந்து பழகியவரின் உடல், மக்காவிலும் அதே கணத்தில் விழித்துக்கொள்ளும். அப்போது மக்காவில் மணி என்ன? இரவு 2.30. பின்னிரவின் பரக்கத் பொருந்திய வேளை! ஹரமில் சுபுஹுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பாகத் தஹஜ்ஜுதுக்கென ஒரு பாங்கு சொல்லப்படுகிறது. அந்தப் பாங்குக்கும் முன்னரே நம் ஊர்க்காரர் அலாரமின்றி, எவரும் தட்டி எழுப்பாமல், கண் விழித்து, உளூச் செய்து மதாஃபை நோக்கி நடக்கலாம். உள்ளூர்வாசி முயன்று பெறுகின்ற ஒன்றை இந்தியாவிலிருந்து செல்பவருக்கு இறைவன் இரண்டரை மணி நேர வேறுபாட்டின் வழியாக இலவசமாகவே கொடுத்திருக்கிறான். பத்துப் பதினைந்து நாள் உம்ராவில் இத்தனை வாய்ப்பான நேர அமைப்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதே செய்ய வேண்டிய காரியம். உடலின் கடிகாரத்தை அங்குள்ள நேரத்திற்குத் திருப்ப முயலவே வேண்டாம். ஊர்க் கடிகாரத்தை ஒட்டியே இருந்துவிடலாம்.

ஆனால் நடப்பது என்ன? இஷாத் தொழுகை முடிந்ததும் விடுதிக்குத் திரும்பி உறங்குவோர் சிலரே. கடைவீதி விளக்குகள் பகலைத் தோற்கடிக்கின்றன. தஸ்பீஹ் மணி, அத்தர், தொழுகை விரிப்பு, பேத்திக்கு புர்கா, பக்கத்து வீட்டாருக்குத் தொப்பி என்று கடை கடையாய் ஏறி இறங்கி, இரவு 10.30 மணிக்குச் சாப்பிட அமர்கிறோம். அப்போது நம் வயிற்றுக்கு மணி நள்ளிரவு ஒன்று. பிறகு ஊருக்குக் கைபேசியில் பேச்சு. உறங்கும்போது அங்கே 12, இங்கே அதிகாலை 2.30. சுபுஹுக்கு எப்படியோ எழுந்து தொழுதுவிட்டுக் காலை 10 மணி வரை மீண்டும் உறக்கம். நான்கைந்து நாளில் உடலின் கடிகாரம் இந்தத் தாறுமாறான வாழ்க்கைக்குப் பழகி இரண்டு, மூன்று மணி நேரம் பின்னுக்குப் போய்விடுகிறது. அக்கடிகாரத்தோடு ஊர் திரும்பியவருக்கு, மேச்சேரியின் சுபுஹுப் பாங்கு நள்ளிரவின் ஆழ்ந்த உறக்கத்தில் ஒலிக்கிறது. காதில் எப்படி விழும்?

இதற்கு மருந்து மருத்துவ நூல்களில் தேடிக் கிடைப்பதற்கு முன்பே நம் மார்க்கத்தில் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் விரும்பியதில்லை என்று அபூபர்ஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. மத்ரஸா மாணவர்கள் அனைவரும் ஓதும் ஹதீஸ் இது. ஊரில் இதைப் பேணுவது அரிதாகிவிட்டது என்றாலும், இந்தப் பதினைந்து நாளாவது பேணலாம் அல்லவா? கடைவீதிக்கு அஸருக்குப் பின் சென்றால் கடைக்காரர் விற்க மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இக்கணக்கு எல்லாப் பருவத்திற்கும் ஒரே அளவில் எளிதாக அமையாது. மக்காவில் இஷா, மஃரிபுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்தே சொல்லப்படுகிறது. குளிர்காலத்தில் அது இரவு 7.30 அளவில் வந்துவிடும். உணவருந்தி 9 மணிக்குப் படுத்தால் போதிய உறக்கம் கிடைக்கும். கோடையிலோ இஷா 8.30ஐத் தாண்டும். நம் உடலுக்கு அப்போது இரவு 11. தொழுகைக்கு நிற்கும்போதே கண் சுழலும். சுபுஹும் 4.15 அளவிலேயே வந்துவிடும். அவ்வேளையில் இரவு உறக்கம் ஐந்து மணி நேரத்திற்கு மேல் கிட்டாது. மீதியை லுஹரை ஒட்டிய கைலூலாவில் ஈடுசெய்ய வேண்டும். பகலுறக்கம் சோம்பேறிகளின் பழக்கம் என்று எண்ணற்க. அது ஸுன்னத்தான ஓய்வு. முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம் போதும். அஸருக்குப் பின் உறங்கினால் இரவு உறக்கம் கெட்டுவிடும். சுலைமானித் தேநீரையும் அஸரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தேநீர், காப்பியில் உள்ள கஃபீன் என்னும் பொருளில் பாதி, ஐந்து மணி நேரம் கழிந்த பின்னும் உடலில் தங்கியிருக்கும். மாலை 6 மணிக்கு இரண்டு குவளை குடித்தவர் இரவு 11 மணிக்கும் ஒரு குவளையின் வேகத்தோடுதான் படுக்கிறார்.

முதல் நாளின் கதை தனி. வழியனுப்பு விருந்து, உறவினர் வருகை, பெட்டி கட்டுதல் என்று புறப்படும் நாளில் வீட்டில் எவரும் படுப்பதில்லை. பிறகு வேனில் பெங்களூரு அல்லது சென்னை விமான நிலையத்திற்குப் பல மணி நேரப் பயணம், அங்கே காத்திருப்பு, நேரடி விமானமாயின் ஏறத்தாழ ஆறு மணி நேரம், வளைகுடா நகரில் மாறிச் செல்வதாயின் இன்னும் கூடுதல், ஜித்தாவில் குடியேற்றச் சோதனை, பின்னர் பேருந்து. சிலர் விடுதியை அடையும்போது முப்பது மணி நேரம் கண் மூடாதவர்களாக இருக்கிறார்கள். அந்த நிலையிலேயே "உம்ராவை முடித்துவிட்டுத் தூங்கலாம், வாருங்கள்" என்று குழுத்தலைவர் அழைக்கிறார். தவாஃப் ஏழு சுற்று. அதன்பின் ஸயீ மட்டுமே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடை. அறுபது வயதைக் கடந்த தாயார் ஸஃபாவின் சாய்தளத்தில் கால் பின்ன நடப்பதைக் காணச் சகிக்காது.

இவ்வளவு அவசரம் எதற்கு? இஹ்ராமின் கட்டுப்பாடுகளைப் பேணிக்கொண்டு, ஆண்கள் போர்வையால் தலையையும் முகத்தையும் மூடாமல், நான்கைந்து மணி நேரம் உறங்கி எழுந்து உம்ராவை நிறைவேற்றுவதற்கு மார்க்கத்தில் தடை ஏதும் இல்லை. தொழுகையில் ஒருவருக்குக் கண் அயருமாயின், உறக்கம் தெளியும் வரை அவர் படுத்துக்கொள்ளட்டும், ஏனெனில் பாவமன்னிப்புக் கேட்பதாக எண்ணித் தம்மையே சபித்துக்கொண்டாலும் கொள்வார் என்னும் கருத்தில் நபிமொழி உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பது. கஅபாவை வாழ்வில் முதன்முதலாகக் காணும் அந்தக் கணத்தில் கேட்க வேண்டிய துஆவை அரைத்தூக்கத்தில் கேட்பதா?

பயணத்தின் களைப்பு எவரையும் விடுவதில்லை. கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பின்னிரவில் இளைப்பாற இறங்கி, விடியலைக் கவனித்து எழுப்பும் பொறுப்பைப் பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பிலால் (ரலி) அவர்களும் தொழுதுவிட்டு, வைகறை புலரும் திசையை நோக்கியவாறே தம் ஒட்டகத்தில் சாய்ந்திருந்தார்கள். கண்கள் மூடிவிட்டன. கதிரவனின் சூடே அனைவரையும் எழுப்பியது. பிலாலை எவரும் ஏசவில்லை. அவ்விடத்தை விட்டுச் சற்று நகர்ந்து, பாங்கும் இகாமத்தும் சொல்லி, ஜமாஅத்தாகத் தொழுதார்கள். பயணம் உணவையும் பருகுவதையும் உறக்கத்தையும் தடுக்கும் ஒருவகை வேதனை, ஆகவே காரியம் முடிந்ததும் விரைந்து குடும்பத்தாரிடம் திரும்புக என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும் இதனால்தான் போலும்.

சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு ஒரு சொல். புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் நேர வேறுபாட்டைச் சொல்லி, மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் அங்குள்ள வேளையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் காலை 8 மணி என்பது மக்காவில் 5.30, பெரும்பாலும் சுபுஹை ஒட்டிய நேரம். ஊரில் இரவு 8.30 என்பது அங்கே மாலை 6; மஃரிபை ஒட்டிய நேரம். ஆகவே பெரிய மாற்றம் தேவைப்படாமலும் போகலாம். அதை மருத்துவரே சொல்லட்டும். ஆபத்து வேறிடத்தில் உள்ளது. மாத்திரையை விழுங்கிவிட்டு, உணவைத் தள்ளிப்போட்டுத் தவாஃபில் இறங்கிவிடுவோருக்குச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும். கைப்பையில் நான்கு பேரீச்சம்பழம் எப்போதும் இருக்கட்டும். மருந்துகளைப் பெரிய பெட்டியில் வைத்து விமானத்தின் அடியில் அனுப்பிவிடாதீர்கள்.

முஸாபிரின் தொழுகை பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில், ஓரூரில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்கும் நிய்யத் இல்லாதவரை ஒருவர் முஸாபிரே. ஷாஃபிஈ மத்ஹபில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நாடினாலே முகீமாகிவிடுவார். ஹரமின் இமாமைப் பின்பற்றித் தொழும்போது எவராயினும் நான்கு ரக்அத்தையும் முழுமையாகவே தொழ வேண்டும். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழும் சலுகை பயணத்தில் ஷாஃபிஈகளுக்கு உண்டு. ஹனஃபிகளுக்கு ஹஜ்ஜின் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் இல்லை. குழுவில் இரு மத்ஹபினரும் இருந்தால் விமானத்தில் இதை வைத்து விவாதம் எழும். பக்கத்து இருக்கைக்காரரின் உறக்கத்தையாவது எண்ணிப் பாருங்கள்.

ரமளான் உம்ராவுக்கு மேற்சொன்ன கணக்கு செல்லாது. அப்போது மக்காவே இரவில் விழித்துப் பகலில் உறங்குகிறது. தராவீஹும், கடைசிப் பத்தில் கியாமுல்லைலும் நடக்கும் நகரில் 9 மணிக்குப் படு என்று எவரும் சொல்ல முடியாது. அங்கே கடிகாரம் பின்னுக்குப் போவது உறுதி. ஆகவே திரும்பிய மறுநாளே கடையைத் திறக்கவோ அலுவலகம் செல்லவோ திட்டமிடாமல், மூன்று நாள் விடுப்பைக் கூடவே சேர்த்து வாங்கிக்கொள்வதுதான் வழி.

கிழக்கு நோக்கிச் செல்வோர் நிலை வேறு. உடலின் கடிகாரம் இயல்பிலேயே 24 மணி நேரத்தைவிடச் சிறிது நீண்டது. எனவே பின்னுக்குத் தள்ளுவது அதற்கு எளிது. முன்னுக்கு இழுப்பது கடினம். மேற்கே போவது எளிதாகவும் கிழக்கே போவது தொல்லையாகவும் இருப்பது இதனால்தான். உம்ராவில் போகும்போது படாத பாட்டை வரும்போது படுவதும் இதனால்தான். ஒரு வாரத் திருமணத்திற்குப் பினாங்கு செல்பவரை எடுத்துக்கொள்வோம். கடிகாரத்தைப் பார்த்தால் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. ஆனால் பினாங்கு ஏறத்தாழ 100ஆம் பாகையில் உள்ளது. மேச்சேரியிலிருந்து 22 பாகை. கதிரவன் கணக்கில் ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவு! மலேசியத் தீபகற்பம் 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டதும் இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணம். ஆகவேதான் அங்கே சுபுஹு 6 மணி அளவில் வருகிறது. கதிரவன் உதிக்க 7 மணிக்கு மேல் ஆகிறது. கைக்கடிகாரம் இரண்டரை மணி நேரம் என்று பயமுறுத்தும்போது, பள்ளிவாசலின் வக்து அட்டவணை ஒன்றரை மணி நேரம்தான் என்று ஆறுதல் சொல்கிறது. உடல் கேட்பது பெரிதும் பின்னதன் சொல்லையே.

அந்த ஒன்றரை மணி நேரத்தையும் ஊரிலேயே ஈடுகட்டிவிடலாம். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்து, நாளுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் படுத்து, 4.30, 4, 3.30 என்று முன்னதாக எழ வேண்டும். எழுந்து என்ன செய்வது என்று கேட்க மாட்டீர்கள். மேற்கே செல்பவருக்குச் சென்ற இடத்தில் கிடைக்கும் தஹஜ்ஜுத், கிழக்கே செல்பவருக்குப் புறப்படும் முன் சொந்த வீட்டிலேயே கிடைக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகர்கள் ஹாங்காங் கண்காட்சிக்கும் இத்தாலிக்கும் மூன்று, நான்கு நாளில் சென்று திரும்புவது வழக்கம். அத்தனை குறுகிய பயணத்தில் உடலைத் திருப்ப முயல்வதே வீண். திருப்பி முடிப்பதற்குள் திரும்ப வேண்டிவரும். வணிகப் பேச்சுகளை ஊரில் பகலாக இருக்கும் வேளைக்கு அமைத்துக்கொள்வதே விவேகம். இத்தாலியில் முற்பகல், ஹாங்காங்கில் பிற்பகல். அமெரிக்காவோ முற்றிலும் வேறு கணக்கு. நியூயார்க்கு நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியது. நம் இரவு அங்கே பகல். மகளின் பேறுகாலத்திற்குச் செல்லும் தாய்மார் முதல் பத்து நாள் நள்ளிரவில் எழுந்து அடுப்பங்கரையில் தனியே அமர்ந்திருப்பதாகச் சொல்வார்கள். அங்கே சென்றதும் பிற்பகல் வெயிலில் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். பகலில் அரை மணி நேரத்திற்கு மேல் படுக்கக் கூடாது. வக்துகளுக்கு எழுவதே கயிறுபோல் உடலைப் புது நாளோடு பிணைத்துவிடும்.

கதிரவனே வழிகாட்டாத இடமும் உண்டு. 2007ஆம் ஆண்டு அக்டோபரில், ரமளான் மாதத்தில், மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபர் ஷுகூர் அனைத்துலக விண்வெளி நிலையத்திற்குச் சென்றார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் அவ்வூர்தியில் ஒரு நாளைக்குப் பதினாறு மஃரிப்! மலேசிய உலமாக்கள் கூடி வகுத்த வழிமுறையில், புறப்பட்ட இடத்தின் நேரப்படி ஐவேளை தொழுதால் போதும் என்று முடிவு செய்தார்கள். அலையும் உடலுக்குப் புறப்பட்ட ஊரின் நேரமே நங்கூரம் என்பதை அவர்களும் கண்டார்கள்.

இறுதியாகத் திரும்பும் நாள். இதில் உயிரே பணயமாகிறது. பெங்களூரு விமான நிலையத்தில் பின்னிரவில் இறங்குவோரை அழைத்துவர ஊரிலிருந்து மகனோ மருமகனோ வேனோடு சென்று, இரவெல்லாம் காத்திருந்து, உடனே வண்டியைத் திருப்புகிறார். கிருஷ்ணகிரி, தர்மபுரி கடந்து தொப்பூர் கணவாய்ச் சரிவில் வண்டி இறங்கும்போது விடியல் நேரம். விழித்திருந்தவரின் உடலில் உறக்கம் மிக வலுவாக அழுத்தும் நேரமும் அதுவே. அச்சரிவில் நடந்த விபத்துகளைச் சேலம் மாவட்டத்தார்க்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வண்டியில் உள்ளோர் அனைவரும் உறங்க, ஓட்டுபவர் மட்டும் விழித்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? அன்று பகலில் நன்கு உறங்கிய ஓட்டுநரையே அனுப்புங்கள். இல்லையேல் வழியில் ஒரு பள்ளிவாசலில் நிறுத்தி, சுபுஹுத் தொழுது, ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு வெளிச்சத்தில் கணவாயைக் கடக்கட்டும். தாமதமாக வீடு சேர்ந்தால் எவரும் கோபித்துக்கொள்ளப்போவதில்லை.

வீடு வந்தபின், சுபுஹு முடிந்ததும் அரை மணி நேரம் திறந்தவெளியில் நடங்கள். காலை வெயில் கண்ணில் படுவதுதான் பின்தங்கிய கடிகாரத்தை முன்னே இழுக்கும் வலுவான கை. மேச்சேரி ஆடுகளை மேய்க்கச் செல்வோரோடு நடந்தாலும் சரியே. இரவில் இஷாவுக்குப் பின் விளக்கைக் குறைத்துவிடுங்கள். இரண்டு, மூன்று நாளில் பாங்கு காதில் விழும், இன்ஷா அல்லாஹ்.

இதில் நம் சகோதரிகளின் பாடுதான் பெரிது. ஆண்கள் திண்ணையில் அமர்ந்து உம்ராவின் சிறப்புகளை விவரித்துக்கொண்டிருக்க, அதே விமானத்தில் வந்திறங்கிய பெண்மணி இஹ்ராமின் களைப்புத் தீருமுன் அடுப்பங்கரையில் நின்று வருவோருக்கெல்லாம் தேநீர் கலந்துகொண்டிருப்பார். முதல் இரண்டு நாள் சமையலை அண்டை வீட்டார் ஏற்றுக்கொண்டால் அது பெரும் நன்மை. காண வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இஷாவுக்குப் பின் கதவைத் தட்டாதீர்கள். ஸம்ஸமும் பேரீச்சம்பழமும் மறுநாள் அஸர் வரை தீர்ந்துவிடமாட்டா.